எல்.கே.ஜி. டீச்சரின் மூன்றாவது கொலை

"மாமனாரை மோர்ல விஷம் வெச்சு முடிச்சிரலாம்க்கா... பொணத்தை மட்டும் செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் கொண்டு போயிரணும்!"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, தன் பதிப்பாளர் தங்கபாய் அக்காவிடம் போனில் கதை சொல்லிக்கொண்டு வந்தாள் ரமீஜா. வெளியே நல்ல மழை.

பக்கத்து வரிசையில் ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கண்கள் அவை... மழை கழுவிய நாவல்பழம் போல! இமைக்கவே மாட்டானா? ரமீஜா முக்காட்டைச் சரிசெய்தாள். கன்னம் லேசாகச் சுட்டது.

அவள் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

"செத்த நில்லுங்க."

'வந்துட்டான்... இனி பேரு கேப்பான்...'

"யாரோட மாமனாரு?"

"என்னது?"

"மோர்ல முடிக்கப்போற மாமனாரு. நான் சப்-இன்ஸ்பெக்டர் நிஜாம்."

ரமீஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து தன் நாவலை எடுத்துப் பின்னட்டையைக் காட்டினாள். அவள் படம். கீழே, 'எல்.கே.ஜி. ஆசிரியை. இது இவரது இரண்டாவது துப்பறியும் நாவல்.'

"பச்சப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு... கொலையா எழுதுதீங்க?"

"பகல் பூரா நாப்பது பிள்ளைகளோட இருந்து பாருங்க சார். சாயங்காலம் யாரையாவது கொல்லணும்போலத்தான் தோணும்."

அவன் சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரித்தது. ரமீஜா அன்று வகுப்பில் 'அ'வுக்குப் பிறகு நேரே 'இ' எழுதிப்போட்டாள்.

அதன்பிறகு அவளுக்கு ஏகப்பட்ட சந்தேகங்கள். போலீஸ்காரரிடம் மட்டுமே கேட்கக்கூடிய சந்தேகங்கள்! டீக்கடையில் ஒருநாள், "பொணம் ஊத எம்புட்டு நேரமாகும்?" என்று அவள் கேட்க, பக்கத்து மேசைக்காரர் பாதி வடையோடு எழுந்து போனார்.

எல்லாம் அந்த வாசகர் கூட்டம் வரைக்கும்தான். மழைநிலா என்பவரின் காதல் நாவலைப் பற்றிப் பேச ரமீஜாவை அழைத்திருந்தார்கள். நிஜாமையும் வரச்சொன்னாள். அவன் கேட்கிறான் என்ற உற்சாகத்தில் வெளுத்து வாங்கினாள்.

"இந்தம்மா கதையில எல்லாரும் மழையில நனையுறாங்க... ஒருத்தருக்குக்கூட சளி பிடிக்கல! காதல்னா என்னன்னே தெரியாதவங்க எழுதினதுபோல இருக்கு!"

அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து நிஜாம் எழுந்து போனான்.

அப்புறம் போனை எடுக்கவில்லை. 'போனா போகட்டும்... எனக்கென்ன?' என்றுதான் அவளும் இருந்தாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் மாமனார் சாக மறுத்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கே போனாள்.

"என்ன புகார்?" அவன் நிமிரவில்லை.

"போன் எடுக்காத ஆளு மேல."

சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மழைநிலா... நீங்க சொன்ன அந்தம்மா இல்ல. நாந்தான்."

"நீங்களா!"

"மெல்லப் பேசுங்க. இங்க தெரிஞ்சா என் மீசைக்கு மரியாதை இருக்காது." பேனாவை மூடினான். "பகல் பூரா வெட்டு, குத்து, பொணம்... வீட்டுக்குப் போனா ரெண்டு பேரையாவது சேத்து வைக்கணும்னு தோணுது. அதைப் போயி..."

சிரிப்பு வரவேண்டிய இடம். ரமீஜாவுக்குக் கண் கலங்கியது.

"பொறாமையில பேசிட்டேன். உங்க புஸ்தகம் ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். அம்புட்டுக்கும் அழுதிருக்கேன். எனக்குக் கொல்ல மட்டுந்தான் வருது... காதல் ஒரு பக்கம்கூட எழுத வரல."

இப்போது நிமிர்ந்தான். அதே கண்கள்...

"உங்க கதாநாயகன் மூணு பக்கத்துக்குப் பேசுவானே..." என்றாள் மெதுவாக. "நீங்க?"

எழுத்தாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"வந்து... உங்கள எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு, டீச்சர்."

"எனக்கும்..." வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து எங்க அத்தாகிட்ட பொண்ணு கேளுங்க. ஆனா இந்த உடுப்புல வந்துராதீங்க... நான் நெசமாவே யாரையோ கொன்னுட்டேன்னு நினைச்சிருவாக!"