தெற்குத் தெருவின் ஓட்டு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சரோஜாதேவி அழ ஆரம்பித்துவிட்டார். மயிலாப்பூரில் ஹம்சாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் புதிதல்ல. ஆனால் ஒரு பேரூராட்சி உறுப்பினர் தன் தெருவுக்காக அழுததை உதவியாளன் ஜான்சன் அன்றுதான் பார்த்தான்.

திண்டிவனத்துக்கு அப்பால் வெண்கரையூர் அவருடைய ஊர். அங்கே தெற்குத் தெரு இருபது வருடமாக அவருடைய கட்சிக்கேதான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டு வந்தது. அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்ட உத்தரவாகியிருந்தது. ஒரு வீடியோ வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

ஜான்சன் அதை ஓடவிட்டான். ‘வெண்கரையூர் தெற்குத் தெரு’ என்ற எழுத்தும் போன ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் வந்தன. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஐந்து பேர். முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றியிருந்தார்கள். “இந்த வாட்டி மாத்திக் குத்துவோம்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பின்னால் எங்கோ எண்ணெயில் கடுகு வெடித்தது, கரண்டி தட்டியது.

“கேக்கும்போதே பசிக்குது மேடம்” என்றான் ஜான்சன்.

“ரெண்டே நாள்ல தொட்டியை வடக்குத் தெருவுக்கு மாத்திட்டாங்க” என்றார் சரோஜாதேவி. “உங்க ஆளுங்களே துரோகம் பண்ணா நாங்க என்ன செய்யறதுன்னு எங்க கட்சிச் செயலாளரே கேக்கறாரு. தெருவுல ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கறதில்ல. பூங்காவனம் வீட்டு மேலதான் சந்தேகம். நேத்து அவ ஊத்துன கூழை ஒருத்தரும் வாங்கல. அந்த அஞ்சு பேர் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா.”

ஜான்சன் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் தொடவில்லை.

“போன வாரத்துக்கு முந்தின வாரமே ஊர்ல ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சு தம்பி. திருவிழா முடியிற வரைக்கும் எந்த வீட்டுலயும் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். வெளியூர்ல ராத் தங்கவும் கூடாது. நான் மதியமே பஸ் பிடிக்கணும்.”

ஹம்சா வீடியோவை மறுபடி ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இதை எடுத்தது யாரு?”

“தி.நகர்ல ஒரு சர்வே கம்பெனி. ஜெயராம்னு ஒருத்தரு நடத்தறாராம்.”

“கெளம்புங்கோ. போற வழிதானே.”

சந்துக்குள் ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஜெயராம் சிரித்த முகமாக எழுந்து நின்றார். கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹம்சா நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து, “ஜான்சன், அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற” என்றாள்.

திறந்ததும் கீழே இருந்த மெஸ்ஸிலிருந்து ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம் மேலே வந்தது. ஜான்சன் ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். வீடியோவில் இருந்த அதே சுவர்.

“ஞாயித்துக்கிழமை வெண்கரையூர்ல எடுத்ததுன்னு போட்டிருக்கேள்” என்றாள் ஹம்சா. “அதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல காப்புக் கட்டியாச்சு. ஒரு வீட்லயும் தாளிக்க மாட்டா. தப்பித் தவறி யாராவது தாளிச்சிருந்தா அதுக்கே தெருவுல பஞ்சாயத்து நடந்திருக்கும். ஆனா உங்க வீடியோவுல கடுகு வெடிக்கறது. ஊர்ல எல்லாரும் முகத்தையும் குரலையும் அடையாளம் பாத்துண்டிருந்ததால அது காதுல விழலை. ஊருக்கே போகாம, இந்தச் சுவத்துக்கு முன்னாடி உங்க ஆட்களை நிக்க வெச்சு எடுத்திருக்கேள்.”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“அப்போ எங்க தெருவுல ஒருத்தரும் பேசலையா?” என்று கேட்டார் சரோஜாதேவி.

“யாருமே பேசலைம்மா. ஜெயராம், யார் சொல்லி எடுத்தேள்னு நீங்க சொல்றேளா, இல்ல உங்ககிட்ட சர்வே வாங்கற மத்தவாகிட்ட இந்த மோசடியை நானே சொல்லட்டுமா?”

ஜெயராம் வெட்கப்படுவார் என்று ஜான்சன் எதிர்பார்த்தான். மனுஷன் தோளைக் குலுக்கிவிட்டு சரோஜாதேவி பக்கம் திரும்பினார்.

“ஆர்டர் குடுத்ததே உங்க கட்சிதான் மேடம். தெற்குத் தெரு என்ன நடந்தாலும் அதே சின்னத்துலதான் குத்தும். வடக்குத் தெரு அப்படி இல்ல, அங்க இருநூறு ஓட்டு ஆடுது. தொட்டி அங்க போனாத்தான் லாபம். சும்மா மாத்துனா நீங்க சண்டைக்கு வருவீங்க. உங்களுக்குள்ள யாரு துரோகின்னு தேட விட்டுட்டா, தொட்டியைப் பத்திக் கேக்க ஆள் இருக்காது. இது சாதாரண கணக்கு.”

தண்ணீர் கேட்ட ஜனத்தை ஒருத்தர் மேல் ஒருத்தர் காறித் துப்ப வைத்துவிட்டு, இந்த ஆள் கணக்கு என்கிறான்! சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தவனை ஹம்சா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னா மேடம், இவனைச் சும்மா வுடறதா?”

“சும்மா விடல. அவர் பேசினது அத்தனையும் என் போன்ல பதிவாயிருக்கு.”

ஜெயராம் அப்போதுதான் வெளுத்தார்.

சரோஜாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அழுகை நின்றுபோயிருந்தது. பூங்காவனத்துக்குப் போன் போட்டு, “உன் வீட்டுக்குத்தான் முதல்ல வரேன், கதவைச் சாத்திடாத” என்று மட்டும் சொன்னார். பிறகு ஜெயராமைப் பார்த்தார்.

“நீ எடுத்த படம் பொய் இல்ல தம்பி. கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்ட. வர்ற தேர்தலுக்கு எங்க தெருவுக்கு வா. மூஞ்சியை மறைக்காமயே சொல்றோம்.”