ஒன்றேகால் மணி நேரம்

காலை 6.20. இதய வார்டின் நான்காம் அறை. வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்த மகன் இரண்டு விஷயங்களைப் பார்த்தான். அம்மாவுக்கு மூச்சு இல்லை. தலைமாட்டில் இருந்த மருந்து பம்ப்பின் சுவிட்சில் நர்சின் விரல் இருந்தது.

"மெஷினை நிறுத்திட்டா! எங்கம்மாவைக் கொன்னுட்டா!" என்று அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. எட்டு மணிக்குள் நர்சுக்கு வேலை போயிற்று. பத்து மணிக்குப் புகார் அந்த வட்டாரத்துப் பெண் இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு வந்தது. மாலைக்குள் கைது செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு முறை போன். இன்ஸ்பெக்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது அவசரப்படுத்தினால் அவர் நிதானமாகிவிடுவார்.

காலை 11.00. நர்ஸ் அழுது முடித்திருந்தாள்.

"சுவிட்சை ஏன் தொட்டீங்க, சிஸ்டர்?"

"ராத்திரி ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன் மேடம். திரையில எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு. காலைல தொட்டுப் பார்த்தா அம்மா சில்லுனு இருக்காங்க. அப்பவும் மருந்து போகுதுன்னுதான் காட்டுது. பட்டனை அமுக்கினா அசையல. உறைஞ்சு போயிருந்துச்சு. அதான் அணைச்சுப் போட்டேன்."

"போட்டதும்?"

"நல்லா ஓடுச்சு. அதுதான் மேடம் என் தலையெழுத்து. இனி யார் என்னை நம்புவாங்க?"

"மத்த அறையில இப்படி ஆகியிருக்கா?"

"இல்லை. அங்கெல்லாம் தினமும் காலைல உடம்பு துடைக்கும்போது வேற பம்ப் மாத்தி, இதை அணைச்சுடுவோம். இங்க மட்டும் கூடாதுன்னுட்டாரு அந்தம்மாவோட பையன். ஒரு நொடிகூட அணைக்கக் கூடாதுன்னு கண்டிஷன். பத்து நாளுக்கு மேல ஓடிட்டே இருந்துச்சு."

பகல் 12.30. மகன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆனால் பம்ப்பைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தான்.

"மெஷின் தானா நிக்காது மேடம். அதுக்குள்ள ஓடுற புரோகிராம் எங்க கம்பெனியோடது. அதை எழுதினதே நான்தான். சோதனையில சுத்தம்னு அறிக்கை வந்தாத்தான் வெளியே விடுவோம்."

"சுத்தம்னு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆறு மாசத்துக்கு முன்னாடி, அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கே அனுப்பியாகணும். கடைசித் திருத்தத்தைப் போட்டு சோதனையை ஆரம்பிக்கும்போது மணி ஆறு. அம்மா போன் பண்ணாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பான்னு. சோதனை முடியுற வரைக்கும் இருந்து, அனுப்பிட்டு, பறந்து போனேன். டாக்டர் ஏழு மணிக்குக் கதவைச் சாத்துறதுக்குள்ள அம்மாவைக் கொண்டு சேர்த்துட்டேன். அப்படிக் காப்பாத்தின அம்மா மேடம். அந்த நர்சைச் சும்மா விடாதீங்க."

இன்ஸ்பெக்டருக்கு மனம் கனத்தது. அவருக்கும் அம்மா இருந்தார்.

பிற்பகல் 3.00. கம்பெனியின் சோதனை அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். அங்கே வேலை செய்யும் சோதனைக்காரிக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். பிழை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவாள்.

"அணைச்சுப் போட்டா சரியாகுற மாதிரி என்ன கோளாறு வரும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மெமரி லீக் வரலாம் மேடம். புரோகிராம் ஓடும்போது மெஷின்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா இடம் கேட்டு வாங்கும். வேலை முடிஞ்சதும் திருப்பித் தரணும். பக்கத்து வீட்டுல வாங்கின பாத்திரம் மாதிரி. தராமலே வாங்கிட்டிருந்தா ஒருநாள் அவங்க வீட்டுல சமைக்கப் பாத்திரம் இருக்காது. மெஷின் அப்படியே நின்னுடும். அணைச்சா எல்லாம் திரும்பி வந்துடும்."

"அதைப் பிடிக்க வழி?"

"காவல் போட்டு ஓட்டுவோம். ஒரு கருவி கூடவே இருந்து, எது திரும்பலைன்னு கடைசியில சிவப்புல காட்டும். முன்னெல்லாம் ரொம்ப இழுக்கும் மேடம், ஒன்றேகால் மணி நேரம். புது கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து அஞ்சே நிமிஷம்."

"புதுசு எப்ப வந்துச்சு?"

"இந்த பம்ப் புரோகிராமை அனுப்பின வெள்ளிக்கு அடுத்த திங்கள். பழசுல இருந்த அமைப்பையெல்லாம் அப்படியே புதுசுக்கு எடுத்துக்கிட்டோம்."

"அந்தக் காவல் இப்ப விழிச்சிருக்கா பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமைப்புகளைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். லீக் கண்காணிப்பு: வேண்டாம். ஒரே ஒரு வரி.

"ஐயோ! நான் இல்லை மேடம்! அரை வருஷமா வந்த சுத்தமான அறிக்கையெல்லாம்…"

"யாரும் தேடாததால சுத்தம். அஞ்சு நிமிஷமும் அதனாலதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாலை 5.00. மகனும் நர்சும் அதே அறைக்கு வரவழைக்கப்பட்டார்கள். நர்ஸ் கதவோரமாகவே நின்றாள்.

"நீங்க நல்ல பிள்ளை. அதனாலதான் மாட்டினீங்க" என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. "ஆறு மணிக்குச் சோதனை ஆரம்பிச்சீங்க. ஏழு மணிக்குள்ள அம்மாவோட டாக்டர்கிட்ட இருந்தீங்க. அன்னிக்கு இருந்தது பழைய கம்ப்யூட்டர். காவலோட ஓடியிருந்தா ஏழேகால் வரைக்கும் நீங்க இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. இந்த வரியை மாத்தினது நீங்க."

அவன் மறுக்கவில்லை. "திங்கட்கிழமை வந்து திருப்பிப் போடணும்னு இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்க ஒரு வாரம் லீவு. அப்புறம்… மறந்தே போச்சு." சட்டென்று நிமிர்ந்தான். "ஆனா காவல் இல்லைன்னா திருட்டு நடந்துச்சுன்னு அர்த்தமா? என் திருத்தம் சரியாக்கூட இருக்கலாம்!"

"இருக்கலாம். இப்ப ஓட்டிப் பாருங்க. அன்னிக்கு அனுப்பின அதே புரோகிராம், அதே கம்ப்யூட்டர்ல."

பழைய கம்ப்யூட்டரைப் பூதக்கண்ணாடி மூலையிலிருந்து எடுத்து வைத்தாள். அவன் அந்த வரியை மாற்றினான். சோதனை ஓடத் தொடங்கியது.

ஆமை வேகம். நால்வரும் காத்திருந்தார்கள். யாரும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பார்த்துப் பழகிய இன்ஸ்பெக்டரே, சுத்தம் என்று வந்துவிடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். வந்தால் நர்ஸ் சிறைக்குப் போவாள் என்பது நினைவுக்கு வர, வெட்கமாக இருந்தது. மகனின் போன் மேஜை மேல் கிடந்தது. அது அடிக்கவே இல்லை. அவனை அவசரமாகக் கூப்பிட இனி ஆள் இல்லை. முதல் முறையாக அவன் அந்தச் சோதனையை முழுசாக உட்கார்ந்து பார்த்தான்.

மாலை 6.50. திரை சிவப்பானது. சொட்டு மருந்தை எண்ணும் பகுதி, ஒவ்வொரு சொட்டுக்கும் கொஞ்சம் இடம் வாங்கியிருந்தது. ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. தினமும் அணைத்திருந்தால் தெரிந்தே இருக்காது. அணைக்கக் கூடாது என்று சொன்னவனும் அவனேதான்.

"இதுக்கப்புறம் இந்த அறையில இருந்து எத்தனை புரோகிராம் வெளியே போயிருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பூதக்கண்ணாடி ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட ஆரம்பித்தாள்.

மகன் நர்சின் பக்கம் திரும்பினான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"சிஸ்டர்… அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

நர்சுக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு நாள் முழுக்கத் தன்னை யாரும் நம்பாமல் கிடந்தவளுக்கு அது வரவில்லை.

"அவங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி, மருந்து ஒழுங்காப் போகுதான்னு ராத்திரி அப்பப்ப வந்து பார்க்கிறேம்மான்னேன் சார். 'நீ போய்ப் படு தாயி. அது என் பிள்ளை எழுதினது, நிக்காது'ன்னாங்க."