நாலு மணிக்கு வருகிறவர்

நாலு மணி கடந்து பத்து நிமிடமாகியும் அறைக்குள்ளிருந்து தம்பியின் குரல் கேட்கவில்லை. முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்த அஜித்தாவின் கை அப்படியே நின்றது.

ஒரு வருடமாகத் தவறியதில்லை. நாலு மணியானால் றொபி கதவைச் சாத்திக்கொண்டு, தன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலோடு அரை மணித்தியாலம் பேசுவான். ஏழு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து, கூடப் போன டிலக்‌ஷன் கடலோடு போக, இவன் மட்டும் இரண்டாம் நாள் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் ஒதுங்கினான். அன்று தொடங்கியது அந்தக் குரல். கிளினிக் மாத்திரை நித்திரையைத் தந்தது, குரலை நிறுத்தவில்லை. மாதா கோயிலில் பங்குச் சுவாமி தலையில் கைவைத்துச் செபித்தார். தில்லையடி முத்தலிபு நானா ஓதிக் கொடுத்த தண்ணீரும் குடித்தாயிற்று. எல்லா இடத்துக்கும் அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்தவள் அவள்தான்.

கடைசியில் உளவளத்துணை ஆலோசகராக வந்த சுஜி மிஸ்தான் வேறு வழி சொன்னாள். "மருந்தை விடவேண்டாம். ஆனா அந்தக் குரலோட சண்டை பிடிக்காதேங்கோ. ஒரு நேரம் குடுத்து, என்ன வேணுமெண்டு மரியாதையாக் கேளுங்கோ." அது டிலக்‌ஷன்தான் என்றான் றொபி. பேசப் பேச, நாள் முழுக்கக் கத்திய குரல் நாலு மணிக்குப் பிறகான அந்த அரை மணித்தியாலத்துக்குள் அடங்கியது. அவன் மறுபடி வேலைக்குப் போனான். மறுபடி சிரித்தான்.

அவள் கதவைத் தள்ளினாள். றொபி கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"கதைக்கேல்லையா?"

"வரேல்லை அக்கா. போயிட்டுது." அவளுடைய முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்தது. அஜித்தா அவனுடைய கட்டிலில் உட்கார்ந்தாள். யாருக்கும் காவல் இருக்காமல் அவள் உட்கார்ந்து ஏழு வருடம். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. வெளியே தென்னோலைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்த காற்றும், அதோடு வந்த கருவாட்டு மணமும் அவளைக் கண்சொருக வைத்தன. அந்த மணத்துக்கு அடியிலிருந்து, நங்கூரம் தூக்கும்போது அதோடு ஒட்டி வருகிற கடலடிச் சேற்றின் நாற்றம் மெல்ல மெல்ல எழுந்து அறையை நிறைத்தது.

காற்றின் சத்தம் நின்றது. யன்னல் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ மூச்சு இழுத்தார்கள். நீளமாக. நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்தவர் மேலே வந்ததைப் போல.

"அஜித்தா."

களைப்பு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுஜிக்கு போன் எடுத்தாள்.

"மிஸ், இப்ப எனக்குக் கேக்குது."

"பயப்படாதேங்கோ அக்கா. இவ்வளவு வருசம் நித்திரை முழிச்சா ஆருக்கும் கேக்கும். தனியாவா இருக்கிறீங்கள்? றொபி வரும்வரைக்கும் லைன்லயே இருங்கோ. ஏலுமெண்டா ஆரெண்டு கேட்டுப் பாருங்கோ..."

லைன் அறுந்தது.

அஜித்தா போனைக் கீழே வைத்தாள். "டிலக்‌ஷனா?"

"அவனைக் கடலிலயே விட்டிட்டன்."

வயதான குரல். அவளைவிடக் களைத்த குரல்.

"அப்ப நீ ஆர்?"

"உன்ர தம்பி நல்லவன். ஒரு வருசமா நாங்கள் உன்னைப் பற்றித்தான் கதைச்சம்."

எழும்பப் பார்த்தாள். கால்கள் வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொன்ன வரி. வரவேயில்லை.

சைக்கிள் மணி. வாசலில் றொபி. கையில் பாண் சுற்றிய கடதாசி. கன்னமெல்லாம் கண்ணீர்.

"மன்னிச்சுக்கொள்ளக்கா. இனி இவரைச் சுமக்க என்னால ஏலாது."

"ஆரடா இது?"

அவன் அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்தான். பெரியவர்களுக்கு முன்னால் நிற்பதுபோலத் தலையைக் குனிந்தான்.

"அவ நல்லாக் களைச்சுப்போனா," என்றான். "மெல்லமாக் கதையுங்கோ."

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை தாழ்ந்தது.

ஓர் ஆளின் பாரத்துக்கு.

அவளுடைய சட்டையின் ஓரம் குளிர்ந்து நனையத் தொடங்கியது.