பதினோரு உரிமங்கள்

நிலவிலுள்ள மணிப்பாறைக் குடியிருப்பில் வீடு கேட்டு விண்ணப்பிக்கும் எவரும் முதலில் வெல்டிங் தேர்வில் தேற வேண்டும். ஆளுயர எஃகுப் பெட்டி ஒன்றைத் தருவார்கள். அதன் பக்கச்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்பைப் பற்றவைத்து அடைத்துவிட்டு, பெட்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பெட்டியைச் சுற்றியுள்ள காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பற்றவைத்த தையல் சரியாக இருந்தால் மூன்று மணிநேரம் கழித்து உரிமத்தோடு வெளியே வரலாம். சரியில்லை என்றால் மணி அடிக்கும், பத்து விநாடிக்குள் காற்றைத் திருப்பி விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் காது வலிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலோர் உள்ளே போகும்போது படிக்க ஏதாவது எடுத்துப்போவார்கள்.

செண்பகவல்லி எதுவும் எடுத்துப்போகவில்லை. மூன்று மணிநேரமும் தன் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த மணிக்கட்டில் இருந்தது துணைக்கையுறை. வெல்டிங் கற்றுக்கொள்பவர்களுக்குக் கொடுப்பது. குடியிருப்பின் மையக்கணினி அலைவழியாக அதை இயக்கும். உருகிப் பற்றவைக்கும் வெல்டிங் ராடை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்று விரல்களைத் தானே நடத்திச் செல்லும். பயிற்சிக்கும் வேலைக்கும் அனுமதி உண்டு, தேர்வுக்குக் கிடையாது. தேர்வன்று மணிக்கட்டிலுள்ள விசையை அணைத்துவிட வேண்டும். "முழுக்க என் கையாலேயே செய்தேன்" என்று கையெழுத்தும் போட வேண்டும்.

செண்பகா விசையை அணைக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டாள்.

இரண்டு மாதம் வகுப்புக்குப் போனவள்தான். கையுறை இல்லாமல் செய்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்து மறுபடி உரசினால் தகடே ஓட்டையாகிவிடும். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு, பயிர்க்கூடத்தில் கீரைப் பிரிவில் வேலை, இரும்போடு எந்தப் பழக்கமும் கிடையாது. தேர்வாளர் ஷாகுல் அமீது அவள் தையலைத் தடவிப் பார்த்து, "அருமைம்மா, கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றபோது அவளுக்கு முகம் எரிந்தது.

மூன்றாம் தாழ்வாரத்தில் வீடு கிடைத்தது. வழக்கப்படி, புதிதாக உரிமம் பெற்றவர் பக்கத்து வீட்டின் சுவரில் ஒரு தையல் போட்டுக்கொடுக்க வேண்டும். அதையும் கையுறைதான் போட்டது. அந்த வீட்டுக்கு வந்தவள் ஜெசிந்தா. கைக்குழந்தைக்காரி. தொட்டிலை அந்தச் சுவரையொட்டியே போட்டாள்.

"அக்கா வெல்டு வச்ச சுவரு. பயமே இல்ல," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தையலில் குறையேதும் இல்லை என்பது செண்பகாவுக்குத் தெரியும். ஆனாலும் குழந்தை இருமினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரின் கனம் ஒரு விரற்கடை. அதற்கு அப்பால் நிலவு, காற்றில்லாத வெளி. எங்காவது கசிந்தால் தாழ்வாரத்தின் இருபக்கக் கதவுகளும் தாமாக அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள்தான் ஒட்டுப்போட்டாக வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வெல்டிங் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற சட்டமே அதற்காகத்தான்.

ஒருநாள் மனசு கேட்காமல், பயிர்க்கூடத்துப் பழைய பம்ப் அறையில் ஒரு வெல்டிங் கருவியைக் கொண்டுபோய் வைத்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உடைந்த குழாய்த் துண்டுகளில் பழகினாள். முதல் வாரம் முழுக்க ராடு ஒட்டியது. ஒருநாள் முகமூடியை இறக்காமல் உரசிவிட்டு, கண்ணில் மணலைக் கொட்டியதுபோல இரண்டு நாள் அவதிப்பட்டாள். கேட்டவர்களிடம் வெங்காயம் நறுக்கியதால் என்று சொல்லிச் சமாளித்தாள்.

மூன்றாம் மாதம்தான் தன் தவறு பிடிபட்டது. இத்தனை நாளும் அவள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியது வெளிச்சத்துக்குப் பின்னால் உருகித் ததும்பும் சின்னக் குழம்பை. அது இரண்டு ஓரத்தையும் தொட்டால் நகர வேண்டும், தொடாவிட்டால் நிற்க வேண்டும். காதும் பழகியது. அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தையல் புழு ஊர்ந்ததுபோலக் கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒழுகவில்லை.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிலவதிர்ந்தது. மூன்றாம் தாழ்வாரத்தின் கோடிச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். விசிலடிப்பதுபோலக் காற்று வெளியேறியது. இருபுறமும் கதவுகள் அடைத்துக்கொண்டன. மீட்புக்குழு வர நாற்பது நிமிடம் ஆகும். காற்று இருபத்தைந்து நிமிடம்தான் தாங்கும் என்றது சுவரிலிருந்த காட்டி.

பதினோரு வீட்டிலிருந்தும் பதினோரு உரிமக்காரர்கள் கையுறையோடு ஓடிவந்தார்கள். ஷாகுல் அமீதும் அதே தாழ்வாரம்தான். இரண்டு பேர் ஒட்டுத்தகட்டை விரிசல்மேல் வைத்து ஓரங்களில் பசை அப்பினார்கள். விசில் சற்று அடங்கியது.

"கையுறையில வெளக்கு எரியலியே," என்றார் ஒருவர்.

"அலை வரல. அதிர்வுல அலைபரப்பி நின்னிருக்கும்."

எல்லோரும் ஷாகுலைப் பார்த்தார்கள். அவர் ராடை எடுத்து உரசினார். ஒட்டிக்கொண்டது. பிய்த்து மறுபடி உரசினார். மறுபடியும் ஒட்டியது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றவர்களில் ஒருவரும் ராடுக்காகக் கை நீட்டவில்லை.

அப்போதுதான் செண்பகாவுக்குப் புரிந்தது. பதினோரு கையெழுத்தும் பொய்.

"நகருங்க சார்," என்று கையுறையைக் கழற்றி எறிந்தாள். "ஜெசி, குழந்தையோட கண்ண மூடு. யாரும் வெளிச்சத்தப் பாக்காதீங்க."

பதினேழு நிமிடம் ஆனது. அவமானமான தையல் அது, மேடும் பள்ளமுமாக. ஆனால் விசில் நின்றது.

விசாரணைக் குழுவின் முன்னால் பதினோரு பேரும் நின்றார்கள். "கையுறை இயங்காதபோது உங்களால் மட்டும் எப்படி முடிந்தது?" என்று தலைவர் கேட்டார். தேர்வில் கோடு போட்ட தையல், இங்கே கோணல் தையல்; உண்மையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. செண்பகா சொன்னாள், தேர்விலிருந்து தொடங்கி எல்லாவற்றையும். "நான் ஒருத்தி மட்டும் இல்ல" என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. பக்கத்தில் ஷாகுல் தன் கையுறையின் விசையைத் தடவிக்கொண்டு நின்றார். விழுங்கிவிட்டாள்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தேர்வில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்ட செண்பகவல்லியின் உரிமம் ரத்து; விரிசலை அடைத்ததற்காக வீட்டில் மட்டும் தொடர்ந்து இருக்கலாம். மற்றப் பத்துப்பேரும் தகுதியுள்ளவர்கள். கருவிக் கோளாறால் மட்டுமே செயல்பட முடியாமல் போயிற்று. ஆகவே இனி ஒவ்வொரு கையுறையிலும் இரண்டாவது அலைவாங்கி ஒன்று பொருத்தப்படும்.

அன்று மாலையே செண்பகா வீடுவீடாகப் போனாள். "மத்தியானம் பம்ப் ரூமுக்கு வாங்க. நாலு மாசத்துல கத்துக்கலாம்," என்றாள். அப்படியாவது ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தாள். எல்லோரும் அன்பாகக் காபி கொடுத்தார்கள். யாரும் வரவில்லை.

"எங்களுக்கெதுக்குக்கா?" என்றாள் ஜெசிந்தா. "அதான் நீங்க இருக்கீங்களே."

அடுத்த குடியிருப்பில் தங்கை மகளின் கல்யாணம் வந்தது, நான்கு நாள் பயணம். செய்தி தாழ்வாரத்தில் பரவியதும் ஜெசிந்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாலு நாளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். செண்பகா வண்டிச்சீட்டை ரத்து செய்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினாள்.

மறுவாரம் தாழ்வார வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். "செண்பகவல்லி" என்ற பெயருக்கு எதிரே, "இருக்கிறார்", "இல்லை" என்று இரண்டு பக்கம் தள்ளக்கூடிய சிறு தகடு. தினமும் கீரைப் பிரிவுக்குக் கிளம்பும்போது அதை "இல்லை" பக்கம் அவளே தள்ளிவிட்டுப் போக வேண்டும். சத்தம் வராமல், மெதுவாகத் தள்ளுவாள். தள்ளிவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேகமாக நடந்துவிடுவாள்.