ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனவர்

"ஏளா ஞானம், பிள்ளைக்குக் காப்பி குடுத்தியா, இல்ல மரம் மாதிரி நிக்கியா?"

ஓரகத்தி ஜெயஷீலாவின் வசவோடுதான் அந்த வீட்டில் பொழுது விடியும். ஞானபாய் காப்பியை ஆற்றிக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தாள். பன்னிரண்டு வருடமாக நாலு மணிக்கே எழுந்து இந்த வசவைக் கேட்டபடிதான் அவள் வேலை பார்க்கிறாள்.

ஆண்டவருடைய நாள் என்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அப்படியொரு ஞாயிறன்று சங்கு குளிக்கப் போன அவள் கணவன் செபாஸ்டின் பிணமாகத் திரும்பினான். பேராசைக்காரி புருஷனை விரட்டிக் கொன்றுவிட்டாள் என்றது ஊர். விரட்டியது அவன் அண்ணன், ஜெயஷீலாவின் கணவர், அவன் போன வள்ளத்துக்குச் சொந்தக்காரரான பர்னபாஸ். "வெளிய சொல்லிராத... ஒம் பிள்ளையப் படிக்க வைக்கேன்" என்று அன்றே அவளிடம் கெஞ்சினார். சொன்னபடி படிக்கவும் வைத்தார், அதை மறைக்கக் கூடாது. ஞானபாயும் வாயைத் திறக்கவில்லை. அழுது அழுது ஒருநாள் அழுகையும் நின்றுபோயிற்று.

மகள் ஏஞ்சலின் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறும் பொருளாதாரமும் சேர்த்துப் படித்தாள். சங்கு குளிப்பவர்களைப் பற்றிய அவளுடைய ஆய்வேட்டுக்கு முதல் பரிசு. நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று அங்கே மாதக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். இன்று, மக்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்று அவளை மடிக்கணினி வழியாக நேர்காணல் செய்கிறது. தமிழில்தான் கேள்விகள்.

பர்னபாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினார்.

"சத்தமா வையி. நாலு பேரு கேக்கட்டும்லா!"

அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் கடலுக்குப் போனதா எழுதியிருக்கீங்க. யார் அவர்?"

ஏஞ்சலின் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எங்க அப்பா சார். போகமாட்டேன்னுதான் சொன்னாங்க. அவங்க அண்ணன்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினாங்க. அன்னைக்கு வள்ளத்துல கூட இருந்த அற்புதமணி அண்ணாச்சி என்கிட்ட சொன்னாங்க. ஊரு எங்கம்மா மேல பழி போட்டுச்சு."

"அவரை யாரு அனுப்பினாங்கன்னு ஏன் ஆய்வேட்டுல எழுதல?"

"எங்கம்மா அந்தப் பெரியப்பா வீட்லதான் இருக்காங்க சார். வேலை கிடைச்சா கூட்டிட்டுப் போயிருவேன்."

ஸ்பீக்கரில் அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது: "அடுத்த மாசம் வந்து சேர முடியுமா?"

மடிக்கணினியை மூடியதுதான் தாமதம், ஜெயஷீலா புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்க! பொய்யின்னு சொல்லுங்க!" பர்னபாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்... நான்தான் போகச் சொன்னேன்..."

"அய்யோ ஞானம்! எத்தன பேச்சுப் பேசிருக்கேன்! ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாளா?" ஜெயஷீலா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஞானபாயின் கைகள் தொங்கியபடியே இருந்தன. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"அழாதீங்கக்கா" என்றாள், வழக்கமான குரலில்.

ஏஞ்சலின் ஓடிவந்து அவள் முகத்தைக் கைகளில் ஏந்தினாள். "அம்மா, நம்ம போயிருவோம். நீயும் நானும் மட்டும்... என்னம்மா, ஏதாச்சும் சொல்லும்மா!"

ஞானபாய் யோசித்தாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

"அங்கன எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"