உள்பக்கம் படிந்த ஈரம்

கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு பட்டதுபோல வெளுத்திருந்தது. பாலமுரளி முதலில் அதைப் பசையின் வேலை என்றுதான் நினைத்தார். பசை காயும்போது பக்கத்திலிருக்கும் கண்ணாடியில் வெள்ளையாகப் பூக்கும். பொம்மைக் கார்களில் கை வைத்த எவருக்கும் அது தெரியும். இந்த வண்டியின் கண்ணாடிக்கு அவர் பசையே போடவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

மணி பன்னிரண்டரை. அக்னி நட்சத்திரத்தின் நான்காம் நாள். காமராஜர் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த அந்த மாடியறையில் மின்விசிறி அனலைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தருவது அவர் தொழில். மதியம் அந்த வேலையை ஒதுக்கிவிட்டு, அதே சின்ன அரங்களாலும் தேய்ப்புச் சக்கரங்களாலும் பழைய பொம்மைக் கார்களைப் புதுசாக்குவார். மனைவி ஸ்ரீலட்சுமி பரமக்குடியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கையில் இருந்தது ஒரு வெள்ளை அம்பாசடர், உள்ளங்கை நீளம். அலமாரியில் கிடந்ததை இன்று காலைதான் வேலைக்கு எடுத்திருந்தார். எழுமலையிலிருந்து சோலை என்பவர், இந்தப் பொம்மை வேலையைப் பற்றிப் பாலமுரளி போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுப் பத்து நாளைக்கு முன் கொண்டுவந்து கொடுத்தது. ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் மக பாண்டிமீனாவோடதுண்ணே. எம்புட்டு நாளானாலும் சரி, நல்லா பண்ணித் தாங்க."

கூரையில் பெயின்ட் உரிந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம்.

"கதவு திறக்குற மாதிரி பண்ண முடியுமாண்ணே?"

"இது ஒரே வார்ப்பு தம்பி. கதவுன்னு கோடு மட்டும்தான் இருக்கு. திறக்காது."

சோலை அந்தக் கதவுக் கோட்டை நகத்தால் ஒருமுறை நெம்பிப் பார்த்தார். "நீங்க வேலை தெரிஞ்சவரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது பாலமுரளி துணியால் கண்ணாடியைத் துடைத்தார். வெண்மை போகவில்லை. பல் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பின்கதவுப் பக்கம், அந்த ஈரத்தின் நடுவே, கடுகில் பாதிகூட இல்லாத ஐந்து புள்ளிகள். அவற்றுக்குக் கீழே கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஐந்து புள்ளிகள் விழுந்தன.

பிறகு சத்தம். நகத்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல. டக். டக் டக். மேசையில் வைத்தாலும் கேட்டது, கையில் எடுத்தாலும் கேட்டது, எடுத்தபோது விரல்நுனியில் அதிர்வும் தெரிந்தது. இரண்டு மணி வாக்கில் தட்டல்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. இரண்டேகாலுக்கு நின்றது. சாயங்காலம் கண்ணாடி தெளிவாக, காய்ந்து, அவர் தேய்த்து வைத்தபடியே இருந்தது.

வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். மறுநாள் பன்னிரண்டரைக்கு அது திரும்பவும் தொடங்கியது.

அடித்தட்டில் இருந்த இரண்டு ரிவெட்டுகளையும் துளைத்து எடுத்தார். துளைக்கும் ஊசி இரண்டு முறை வழுக்கிப் பெயின்டைக் கிழித்தது. உடல் ஒரு கையில், அடித்தட்டு ஒரு கையில். உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் சீட்டு. அதைத் தவிர எதுவும் இல்லை. ஈரம்கூட இல்லை. ஆனால் பிரித்த அந்த நொடியில் ஒரு வாடை மூக்கில் ஏறியது. வெயிலில் வெந்த ரெக்சின். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை. அதற்கடியில், சிறுநீர்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

அன்று மேற்கொண்டு சத்தமில்லை. திறந்ததால் தீர்ந்தது என்று நம்பினார். நம்பியதால் இரவு அதை மூடி, திருகாணி போட்டு முறுக்கி வைத்தார். மூன்றாம் நாள் தட்டல் வேறு மாதிரி இருந்தது. வேகமாக. விடாமல். நேற்று ஒருவர் திறந்தார் என்பது உள்ளே தெரிந்துவிட்டதுபோல. வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட தட்டல்.

திருகாணியைக் கழற்றினார். வாடை. காலி. மூடினார். தட்டல். கழற்றினார். காலி. எத்தனை முறை என்று தெரியவில்லை. கடைசியில் போனை எடுத்தார்.

"சோலை, இந்த வண்டியில..."

அந்தப் பக்கமிருந்து சோலை முந்திக்கொண்டார். "தட்டுதாண்ணே?"

"என்னப்பா இது?"

"என்கிட்ட பெரிய அம்பாசடர் ஒண்ணு இருந்துச்சுண்ணே. வாடகைக்கு ஓட்டலாம்னு வாங்குனது. பின்கதவு உள்கைப்பிடி உடைஞ்சு கெடந்துச்சு. மாத்தணும் மாத்தணும்னு நாலு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தேன். போன வருசம் இதே அக்னியில எம் மக உள்ள ஏறி வெளையாண்டிருக்கா. கதவு சாத்திக்கிருச்சு." குரல் தட்டையாக இருந்தது, பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "நான் வேப்ப மரத்தடியில படுத்திருந்தேன். பத்தடி தூரம்தான். தட்டுற சத்தம் கேட்டுச்சுண்ணே. எங்கிட்டோ ஆசாரி வேலை பாக்குறான்னு நெனைச்சு, திரும்பிப் படுத்துட்டேன்."

மேசைமேல் தட்டல் மெதுவாகிக்கொண்டிருந்தது.

"இந்தப் பொம்மை அவ கையில இருந்துச்சு. எனக்குத் திறக்கத் தெரியல. நீங்க திறந்துருவீங்கன்னு பாத்தேன்."

"திறந்துட்டேன் தம்பி. உள்ள ஒண்ணுமே இல்ல."

"இங்கயும் அப்படித்தான்" என்றார் சோலை. "நாளைக்கு வாங்கண்ணே. வந்து ஒருக்கா பாருங்க."

வண்டியைப் பஞ்சு வைத்து அட்டைப்பெட்டியில் வைத்தவர், மூடியைப் போட மனம் வராமல் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உசிலம்பட்டியில் இறங்கி டவுன் பஸ் மாறினார். இரு பக்கமும் உழுது காயப்போட்ட மானாவாரிக் காடு. மதிய வெயிலில் தூரத்து மரங்கள் நெளிந்தன. எழுமலைக்கு வெளியே சோலை பைக்குடன் காத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் வெறும் பொட்டலில் அந்த வண்டி கிடந்தது. வண்டி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான்கு கதவுகளும் கழற்றி ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருந்தன. கூரையை அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். கூரையைத் தாங்கும் தூண்களும் இல்லை. கண்ணாடிகளை உடைத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டதாகச் சோலை சொன்னார். துருப்பிடித்த அடித்தட்டு. அதன்மேல் பின்சீட்டு. சுற்றிலும் நாலா பக்கமும் திறந்த வெளி.

சீட்டுக்கு எதிரே தரையில் மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். சோலையின் மனைவி. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். வந்தவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மணி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஆயிருச்சு" என்றார் சோலை.

காற்று நின்றது.

முதலில் பாலமுரளி அதைக் கானல் என்று நினைத்தார். சீட்டின் வலப்பக்கம், கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில், இடுப்பு உயரத்தில், வெறுங்காற்றில் ஒரு வெண்மை. பரவியது. ஓரங்கள் நேராகி, முனைகள் வளைந்து, ஜன்னல் அளவில் நின்றது. கண்ணாடி இல்லை. ஈரம் மட்டும்.

அதில் ஒரு கை பதிந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் கை. முழு அளவில்.

தட்டல். டக். டக் டக் டக்.

பாலமுரளி ஓடிப்போய்க் கையை நீட்டினார். கை அந்த வெண்மைக்குள் புகுந்து மறுபக்கம் போனது. சூடு மட்டும் இருந்தது. சீட்டைத் தொட்டார். துழாவினார். யாருமில்லை. திரும்பிப் பார்த்தார். ஈரம் அங்கேயே நின்றது. சீட்டில் முட்டிபோட்டு உள்பக்கத்திலிருந்து பார்த்தபோதும், கை ஈரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

எதைத் திறப்பது? எங்கே?

"இந்தா வந்துட்டேன்டி" என்றாள் மலையம்மாள். முந்தானையால் காற்றைத் துடைத்தாள். "இந்தா, ஆத்தா வந்துட்டேன்."

கை சட்டென்று நின்றது. அவள் குரல் வந்த பக்கம் நகர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கை. நடுவே உருண்டையாக ஒரு நெற்றி. அதற்குக் கீழே, சின்னதாக, வாய். வாய் திறந்து மூடியது. ஒவ்வொரு முறை திறந்தபோதும் ஈரம் கொஞ்சம் அடர்ந்தது.

சோலை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டேகாலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மலையம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அந்தச் சின்னக் கைகளின்மேல் ஒட்டினாற்போல, வெறுங்காற்றில் வைத்துக்கொண்டாள்.