ஒரு நிமிடம் தாங்கும்

அக்டோபர் பதினேழாம் நாள், சனிக்கிழமை. விடியலில் பிடித்த தூறல் நண்பகலாகியும் விடாமல், காற்றோடு சேர்ந்து ஐந்தாம் மாடிச் சன்னல்களை நனைத்துக்கொண்டிருந்தது. போர்வை தேடும் அந்தக் குளிரில், உள்ளங்கை அளவே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் போலச் சுட்டது.

லிஃப்ட் மெக்கானிக் விரலை எடுத்துக்கொண்டான்.

"ரொம்ப நேரமா ஓடிட்டிருக்கு சார், அதான்," என்றார் அதை விற்கக் கொண்டுவந்திருந்த மழைக்கோட்டுக்காரர். அவர் மடியில் ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் டிஸ்க்கில் முடிந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. "கழட்டினா ஒரு நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்."

உள்ளே இருந்தவை விளையாட்டுகள். அவற்றுக்காகவே, ஒன்றையும் அழிக்காமல் அப்படியே மாட்டிக்கொள்வதென்று மெக்கானிக் முடிவு செய்திருந்தான். கம்ப்யூட்டர் செய்து தருவதாக ஒன்பது வயது மகளுக்கு வாக்குக் கொடுத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. பக்கவாட்டில் விரிசல் விட்ட கேபினெட், மூடிய பிரவுசிங் சென்டர் ஒன்றின் மதர்போர்டு, இரண்டு விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றும் கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாப்பாட்டு மேசையையே பட்டறையாக்கி, இன்று கடைசிப் பாகத்துக்கு வந்திருந்தான். மருத்துவமனையில் பகல் டியூட்டியில் இருந்த மனைவி வீடு திரும்புவதற்குள் மேசையைக் காலி செய்துவிட வேண்டும்.

"இந்தப் பேட்டரிப் பெட்டியையும் வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார் மழைக்கோட்டுக்காரர். "கரன்ட் போனா உதவும்."

"வேணாம் சார். ஏற்கெனவே பட்ஜெட் கையை மீறிடுச்சு."

"நல்லா யோசிச்சுக்கோங்க."

"அவர்கிட்ட பேசிப் பிரயோஜனமில்ல அங்கிள்," என்றாள் மகள். "எங்கப்பா கஞ்சப்பிசினாரி. இதுக்கும் லிஃப்ட் பட்டன் மாட்டாம இருந்தா சரி."

"வாய் மட்டும் காதுவரைக்கும் நீளுது," என்று சிரித்தபடி மெக்கானிக் ஒயரை உருவினான். திருகாணி போட நேரம் இல்லை. டிஸ்க்கை ஒயர்களிலேயே தொங்கவிட்டான். மழைக்கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து லிஃப்டுக்கு மின்சாரம் கொடுக்குமுன், லிஃப்ட் ஓடும் குழிக்குள் தலையை நீட்டி மூன்று முறை குரல் கொடுப்பான். பதில் வந்தால், அந்த ஆள் ஏறி வரும்வரை ஸ்விட்ச்சைத் தொடமாட்டான். இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் அவன் அதை மீறியதில்லை. மகளைச் சிரிக்க வைப்பதற்காக, இப்போது கேபினெட்டுக்குள் குனிந்து குரல் கொடுத்தான்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மகள் கிளுகிளுத்தாள்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மழை.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

டொக். டொக்.

இயந்திரங்களின் ஓசையைக் காதாலேயே பிரித்தறிந்து பிழைப்பவன் அவன். பழுதுபட்ட இயந்திரம் தன் போக்கில் தட்டும். இது அவன் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து தட்டியது.

"பழைய டிஸ்க், அப்படித்தான் சத்தம் வரும்," என்றார் மழைக்கோட்டுக்காரர். அவர் உதடுகள் வெளுத்திருந்தன. "இன்னும் பத்து செகண்ட்தான் சார்."

"ஸ்விட்ச்சைப் போடுப்பா!" என்று குதித்தாள் மகள்.

அவன் போட்டான்.

ஒற்றை விசிறி பெருமூச்சுவிட்டுச் சுழன்றது. திரையில் வெளிச்சம் பரவியது. மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள். மழைக்கோட்டுக்காரர் பேட்டரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் கீழே கார்லதான் இருக்கேன். மழை விடட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகல் முழுவதும் மகள் ஹெட்செட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் பாத்திரம் துலக்கிய மெக்கானிக்கை விசிறியின் இரைச்சலும், சுட்ட தூசியின் வாடையோடு கலந்து நெடுநாள் மூடியிருந்த அறையின் நாற்றமும், இடையிடையே மகளின் குரலும் வந்து எட்டிய வண்ணம் இருந்தன. யாரோடு பேசுகிறாள்? இணைய இணைப்பை அவன் இன்னும் கொடுக்கவே இல்லை.

"குட்டி, யாரும்மா அது?"

"உள்ள ஒரு அண்ணா இருக்காங்கப்பா. செம ஜாலி. ஆனா பாவம், ரொம்ப நாளா அங்கேயே இருக்காங்களாம்."

கம்ப்யூட்டரே பேசும் விளையாட்டாக இருக்கும் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அவள் குரல் கேட்டது.

"கொஞ்ச நேரம் இடம் மாத்திக்கலாமான்னு கேக்கிறாங்கப்பா. விளையாட்டுக்குத்தான். சரின்னு சொல்லிட்டேன்."

அதன்பின் அவள் பேசவில்லை.

கழுவிய தட்டு கையில் இருக்க, அவன் கூடத்துக்கு வந்தான். நாற்காலியில் மகளின் முதுகு. இரட்டைச் சடை. ஹெட்செட் மேசைமேல் கிடந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் இரு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குட்டி?"

அவள் திரும்பினாள். அதே முகம். முன்பல் விழுந்த அதே இடைவெளி. அறியாத வீட்டில் கண்விழித்தவளின் பார்வை.

"நீங்க யாரு? எங்கப்பா வந்துட்டாரா?"

தட்டு விழுந்து உடைந்தது.

அவன் கேபினெட்டின் முன் மண்டியிட்டான்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

மூன்று முறை கேட்கத் தேவைப்படவில்லை.

"நான்தான்பா," என்றது மேசைமேல் கிடந்த ஹெட்செட். "இங்க இருட்டா இருக்கு. அண்ணா போயிட்டாங்க. கதவைத் திறப்பா."

வாசல் மணி அடித்தது. நாற்காலியில் இருந்தது துள்ளி எழுந்து ஓடித் தாழ்ப்பாளைத் திறந்து, "அப்பா!" என்று மழைக்கோட்டைக் கட்டிக்கொண்டது. மழைக்கோட்டுக்காரர் அந்த இரட்டைச் சடையில் முகம் புதைத்து அழுதார். பிறகு நிமிர்ந்தார்.

"நானும் இதை ஒருத்தர்கிட்ட வாங்கினவன்தான் சார். பையனுக்குப் பிறந்தநாள் பரிசு. நான் பேட்டரிப் பெட்டியையும் சேர்த்து வாங்கினேன். அதனாலதான் நாலு வருஷம் தாக்குப்பிடிச்சான்."

"பெட்டியைக் குடுங்க சார். கால்ல விழறேன்."

"அப்பவே கேட்டேனே. நீங்கதான் வேணாம்னீங்க." அவர் குரலில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. "கார்ல, பின் சீட்ல இருக்கு. எடுத்துக்கோங்க."

மெக்கானிக் வாசலை நோக்கித் திரும்பினான். வெளியே வானம் ஒருமுறை வெளுத்தது. இடி.

கேபினெட்டின் ஒற்றை விசிறி தளர்ந்தது. அதன் இறக்கைகள் தனித்தனியே தெரியத் தொடங்கின. திரை கறுத்தது.

ஒன்று. இரண்டு.

திருகாணி இல்லாத டிஸ்க்கை ஒயரோடு பிடுங்கினான். வாசலில் நின்றிருந்த மகளின் உடலைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பாய்ந்தான். லிஃப்ட் செத்துக் கிடந்தது. படிக்கட்டு.

பதினாறு. பதினேழு.

உள்ளங்கையில் தட்டியது. டொக், டொக். டொக், டொக்.

"இருக்கேன்டா கண்ணு. அப்பா இருக்கேன்."

மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. கால் வழுக்கியது. முழங்கால் கிழிந்தது. டிஸ்க்கை விடவில்லை.

நாற்பத்தொன்று.

மழை. தெரு. ஓரமாக நின்ற கார். பின் கண்ணாடி வழியே பச்சை விளக்கு. ஒரு முழத் தொலைவுதான்.

கதவை இழுத்தான்.

பூட்டியிருந்தது.

முழங்கையால் கண்ணாடியை இடித்தான். மீண்டும் இடித்தான். டிஸ்க் ஆறிக்கொண்டிருந்தது. டொக். நெடுநேரம் கழித்து இன்னொரு டொக். அவன் தலை திருப்பிப் பார்த்தான். மாடிப்படியின் கடைசி வளைவில், மழைக்கோட்டுக்காரரின் கையைப் பிடித்தபடி, அவன் மகளின் கால்கள் ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்து இறங்கி வந்தன. அவளுடைய சுண்டுவிரலில் கார்ச் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

அவன் டிஸ்க்கைக் காதோடு வைத்து மூன்று முறை குரல் கொடுத்தான்.

பதில் இல்லை.

மாலை மணி நான்கு பதினேழு.